மூன்று அங்குல ஆசை

மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. மேலே மண் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்துக்கு ஏறும் சரிவில் பாதி தூரம் போனதும் என் சின்னத் தோட்ட டிராக்டரின் வலது பின்சக்கரம் தனியாகச் சுற்றத் தொடங்கியது. இடது சக்கரம் தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போல அசையாமல் நின்றது. இழுவைப் பெட்டியில் இருந்ததோ வெறும் மட்கு உரம், அதுவும் முக்கால் பெட்டிதான். பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்துக் களிமண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் வெண்ணெய். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு உரத்தைக் கூடையில் அள்ளிச் சுமந்தேன். அன்று இரவே பெரிய டயர் தேட உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி ஒரு வீல் ஹார்ஸ் சி-120. 1970களின் நடுவில் செய்தது. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் 1946இல் எல்மர் பாண்ட் என்பவர் தொடங்கி, மகன் சிசில் பாண்ட் வளர்த்த தொழில் அது. 1986இல் டோரோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. என் வண்டியில் இருப்பது கோலர் நிறுவனத்தின் 12 குதிரைத்திறன் எஞ்சின்: ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு உடம்பு. எட்டு வேகம் என்று சொல்வார்கள். ஆனால் முன்னால் ஆறு, பின்னால் இரண்டு என்று கூட்டித்தான் அந்த எட்டு. இதைப் புல்வெட்டும் வண்டி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புல்லும் வெட்டும், அவ்வளவுதான். கலப்பை இழுக்கவும் பனி தள்ளவும் தாங்கும்படி ஆக்சிலும் கியர் பெட்டியும் அமைந்த வண்டி இது. இந்த ரகத்தைத்தான் இங்கே தோட்ட டிராக்டர் என்கிறார்கள்.

பின் டயரின் பக்கச் சுவரில் 23×8.50-12 என்று இருந்தது. முதல் எண் டயரின் மொத்த உயரம், இரண்டாவது அகலம், மூன்றாவது ரிம்மின் விட்டம். எல்லாம் அங்குலக் கணக்கு. ஆனால் சில உழவு டயர்களில் வெறும் 6-12 என்று மட்டும் இருக்கும். அது அகலமும் ரிம்மும்தான். உயரத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல் 6-12ஐச் சின்ன டயர் என்று நான் ஒதுக்கியிருந்தேன். உண்மையில் அது ஒல்லியாக இருந்தாலும், என் டயரைவிட இரண்டு அங்குலம் உயரமானது.

என் கண் போனது 26×12.00-12 மேல். ரிம் அதே 12. உயரத்தில் மூன்று அங்குலம் கூடுதல், அகலத்தில் மூன்றரை அங்குலம் கூடுதல். படத்தில் பார்த்தால் பின்பக்கம் பெரிய டிராக்டரின் கம்பீரம். உண்மையைச் சொன்னால் நான் வாங்கியது அந்தப் படத்தைத்தான். ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், ரிம்மோடு சேர்த்து ஒரு பழைய ஜோடியை வாங்கி வந்தேன். பட்டன், அதாவது மண்ணைப் பிடிக்கும் மேல்கட்டைகள், தேயாமல் பாதிக்கு மேல் இருந்தது. விற்றவர் அவற்றைக் காரில் ஏற்றும்போது, “எந்த வண்டிக்கு?” என்று ஒருமுறை கேட்டார். பெயரைச் சொன்னதும் ஒரு நொடி யோசித்துவிட்டு, “அளந்தீர்களா?” என்றார். துளைகளை அளந்தேன் என்றேன். பொய்யில்லை.

துளைகளைச் சரியாகத்தான் அளந்திருந்தேன். இந்த வண்டிக்கு ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 4.5 அங்குலம். ஐந்து துளை என்பதால் எதிரெதிரே டேப் பிடித்து அளக்க முடியாது. ஒரு துளைக்கு நேர் எதிரே வெறும் இரும்புதான் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு நடுவே அளந்து 2.65 அங்குலம் வந்தால் வட்டம் 4.5 என்று பொருள். பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றிலும் சின்ன டிரெய்லர்களிலும் இதே அளவு என்பதால் ரிம் கிடைப்பது கஷ்டமில்லை. ஆக்சில் முனையில் ரிம்மைத் தாங்கும் பகுதிக்கு ஹப் என்று பெயர். ரிம்மின் நடுத் துளை அந்த ஹப்பின் கழுத்தில் போய் உட்காருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதையும் பார்த்தேன். அளக்காமல் விட்டது ஒன்றுதான்: ரிம்மின் போல்ட் முகத்திலிருந்து டயர் உள்பக்கம் எவ்வளவு துருத்துகிறது என்பது.

அந்தச் சமயத்தில் என் மாமனார் இங்கே வந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம், நெல் விவசாயம். இருபது வருடத்துக்கு மேல் சொந்த டிராக்டர் ஓட்டியவர். ஆறு மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று சொல்பவர். கராஜில் நிற்கும் என் வண்டியை முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, “கன்றுக்குட்டி போல இருக்கிறது, ஆனால் காளையின் எலும்பு” என்றார். புதிதாக வந்த டயர்களைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று என் மனைவிக்குத் தெரியும். எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டியைத் தூக்குவதில்தான் முதல் பாடம். இந்த வண்டிகளில் முன் ஆக்சில் நடுவில் ஒரே முளையில் தொங்குகிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் சாயும் அமைப்பு அது. அதனால் பின்பக்கத்தை நடுவில் ஒரே ஜாக்கி வைத்துத் தூக்கினால் மொத்த வண்டியும் இரண்டு புள்ளிகளில் நிற்கிறது: பின்னால் ஜாக்கி, முன்னால் முளை. இரண்டும் ஒரே கோட்டில். ஒரு பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினால் எடை மறுபக்கம் போகும், வண்டி சாயும். என் வண்டி அப்படித்தான் மெதுவாக இடதுபுறம் தலையாட்டியது. நல்லவேளை, கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போட்டிருந்தேன். அதன் மேல் சாய்ந்து நின்றது. முன் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் மரக்கட்டையை ஆப்பு போலச் செருகிவிட்டு, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்டாண்ட் வைத்த பிறகே சக்கரத்தில் கை வைக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. இதை எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் ஒருமுறை மறப்பார்கள்.

போல்ட்களோடு பெரிய சண்டை இல்லை. முந்தின மூன்று நாள் இரவிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். வண்டி தரையில் நிற்கும்போதே ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் தளர்த்திவிட்டேன். நான்காவது போல்ட் மட்டும் முனகியது. முனகும் போல்ட்டைத் தொடர்ந்து திருகாமல், கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்த வேண்டும். அது உடைந்தால் ஹப்புக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு துளைபோட்டு மரை வெட்டும் வேலை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.

பெரிய சக்கரத்தை மாட்டினேன். போல்ட் இறங்கியது. கையால் சுற்றினால் ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் ‘சர்’ என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் உள்சுவர் மட்கார்டின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேல்பக்கம் பட்டனுக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகும். சுண்டுவிரல் போதுமே என்றுதான் நினைத்தேன். மாமனார் குனிந்து, தரையில் கிடந்த காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினார். அது உள்ளே போகவில்லை.

“மாப்பிள்ளை, டயர் சேற்றில் போகும்போது டயராகவா இருக்கும்? பட்டன் நிறைய மண்ணோடுதானே சுற்றும்?”

அதுதான் விஷயம். கராஜில் சுத்தமான டயருக்கு இருக்கும் இடைவெளி வயலில் இருக்காது. பனிக்காலத்தில் சறுக்காமல் இருக்க டயரைச் சுற்றிச் சங்கிலி கட்டினால் இன்னும் குறையும். டயரைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒரு அங்குலமாவது வெறும் காற்று இருக்க வேண்டும். சங்கிலி கட்டுபவர்களுக்கு ஒன்றரை. இது என் வண்டியில் பட்டுத் தெரிந்த கணக்கு.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற வட்டத் தகட்டை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளலாம். உள்பக்கத் துருத்தல் குறைவான வேறு ரிம் தேடலாம். இரண்டையும் யோசித்தேன். ஆனால் டயர் வெளியே போகப் போக எடை ஆக்சில் முனையிலிருந்து விலகித் தொங்கும். பேரிங்குக்கும் சீலுக்கும் அது நல்லதில்லை. ஐம்பது வயது ஆக்சிலோடு அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதோடு, வெளியே தள்ளிய டயரோடு வண்டியின் அகலம் 43 அங்குலம் வந்தது. மான் நுழையாமல் இருக்கக் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி நான் போட்ட வேலியின் கதவு 40 அங்குலம். வண்டிக்காகவே அளந்து என் கையால் செய்த கதவு அது. டயருக்காகக் கதவு, கதவுக்காக வேலி, வேலிக்காக... அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

இடம் இருக்கும் வண்டிக்காரர்களுக்காக உயரத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மட்கார்டில் இடம் இருந்தால் போதும், மாட்டிவிடலாம் என்பது பாதி உண்மைதான்.

23 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 72 அங்குலம் போகும். 26 அங்குல டயர் 82 அங்குலத்தைத் தொடும். அதே கியரில், அதே எஞ்சின் வேகத்தில் வண்டி 13 சதவீதம் வேகமாகப் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் தருவது அதே சக்திதான். அதனால் மண்ணைத் தள்ளும் விசை 11.5 சதவீதம் குறைகிறது. இழுக்க முடியவில்லை என்று பெரிய டயர் வாங்கியவனுக்கு இழுவிசை குறைகிறது! கீழ்க் கியர் நிறைய உள்ள வண்டியில் இதைச் சமாளிக்கலாம். பிரேக்கிலும் இதே கணக்குத்தான். சரிவில் இறங்கும்போது பிரேக் பட்டை அதே பட்டை, ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரியது.

பின்பக்கம் ஒன்றரை அங்குலம் உயரும்போது வண்டி முன்னால் குனிகிறது. குனிந்தால் ஸ்டீயரிங் நேராக நிற்கும் குணம் குறைந்து அலைபாயும். புல்வெட்டும் தட்டு சட்டத்தில் தொங்கும் வண்டிகளில் தட்டும் சாயும், வெட்டு படிபடியாக விழும். எண்ணெய்க் குச்சி பொய் அளவு காட்டும். இழுவைக் கொக்கியும் ஒன்றரை அங்குலம் மேலே போகும். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் பின் ஆக்சிலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் சுமையைக் கட்டுகிறோமோ அவ்வளவுக்கு முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். மேட்டில் வண்டி மல்லாந்து விழுவது அப்படித்தான். முன் டயரையும் அதே மூன்று அங்குலம் உயரமாக்கினால் குனிவது தீரும், மற்றவை தீராது.

அன்று மாலை காபி குடிக்கும்போதுதான் மாமனார் வாய் திறந்தார்.

“எங்கள் ஊரில் நடவுக்கு முன் சேற்றில் இறங்கும்போது டிராக்டருக்குப் பெரிய டயரா மாட்டினோம்? இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவோம். காய்ந்த மண்ணில் சறுக்கினால் எடை போடுவோம். உங்களுக்கு வேண்டியது உயரமா, பிடிப்பா?”

“பிடிப்புதான் மாமா.”

“பிறகு ஏன் உயரத்தை வாங்கினீர்கள்?”

என் மனைவி அடுப்படியில் சிரித்தது கேட்டது.

அவர் கேட்டதுதான் இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. என் பழைய டயர்கள் புல்தரைக்கான டயர்கள். சின்னச் சின்னக் கட்டமாகப் பட்டன், அதுவும் தேய்ந்து வழுவழுத்திருந்தது. களிமண் அந்தக் கட்டங்களை நிரப்பிவிட்டால் டயர் வெறும் உருளைதான். பின்பக்கத்தில் என் எடையைத் தவிர வேறு எடையும் இல்லை. பட்டனும் எடையும் இல்லாத இடத்தில் அளவைக் கூட்டி என்ன பயன்?

கடைசியில் நான் முடிவு செய்தது 23×10.50-12. உயரம் அதே 23. அகலம் மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல். உழவுப் பட்டன், அதாவது ‘வி’ வடிவத்தில் ஆழமான கட்டைகள். உயரம் மாறாததால் மேலே சொன்ன தொல்லைகளில் ஒன்றும் இல்லை. இந்த அளவில் கார்லைல் டயரும் கிடைக்கிறது, பி.கே.டி. டயரும் கிடைக்கிறது. பி.கே.டி. என்பது மும்பையைச் சேர்ந்த பாலகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ். அமெரிக்க வண்டிக்கு இந்திய டயர் என்று மாமனாருக்குத் தனி சந்தோஷம். அதற்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

ரிம்மையும் மாற்ற வேண்டியிருந்தது. என் பழைய ரிம் 7 அங்குல அகலம். அதிலும் 10.50 டயரை மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒடுக்கமான ரிம் டயரின் இரு விளிம்பையும் உள்ளே இழுக்கும்போது நடுப்பகுதி பலாப்பழம் போல உப்பும். தரையில் படுவது நடுப்பட்டை மட்டும்தான். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் காற்றில் தொங்கவிடுவதற்குச் சமம் அது. எட்டரை அங்குல ரிம் ஜோடி ஒன்றைத் தேடி வாங்கினேன். இந்த முறை துருத்தலையும் அளந்தேன். ரிம்மைத் தரையில் குப்புற வைத்து, குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் போட்டு, சட்டத்திலிருந்து போல்ட் முகம் வரை ஆழத்தை டேப்பால் பார்ப்பது. பழைய சக்கரத்திலும் அதே அளவை எடுத்து, ஒவ்வொன்றிலும் டயர் ரிம்மைவிட எவ்வளவு அகலமோ அதில் பாதியைக் கூட்டி ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. முதல் ஜோடி வாங்கும் முன்பு இந்தப் பத்து நிமிடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வாங்கிய ரிம்களில் முன்பே வேறு டயர்கள் இருந்தன, எத்தனையோ வருடமாக. டயரின் வாய்விளிம்பு ரிம்மோடு துருவால் ஒட்டிப்போயிருந்தது. ஏறி மிதித்தேன், சுத்தியால் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு தடித்த பலகையின் ஒரு முனையைக் கராஜ் சுவரின் அடிக்கட்டைக்கு அடியில் செருகி, நடுவே ஒரு குட்டைக் கட்டையை ரிம்முக்கு ஒட்டினாற்போல் டயர் சுவரின் மேல் நிறுத்தி, பலகையின் மறுமுனையில் நானும் மாமனாரும் உட்கார்ந்தோம். மெதுவாக, பழைய கதவு திறக்கும் சத்தத்தோடு விளிம்பு இறங்கியது. சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும். காற்றை முழுவதும் விட்டு, வால்வின் உள்ஊசியைக் கழற்றிய பிறகுதான் இந்த வேலை.

ரிம்மின் உள்ளே துரு செதில் செதிலாக இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விளிம்பு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வழுவழுப்பாக்கி, இரண்டு கை பெயின்ட் அடித்தேன். அந்த இடத்தில் சின்னக் குழி இருந்தாலும் காற்று ஒழுகும். ஒரு ரிம்மில் குழிகள் அதிகம் என்பதால் இரண்டுக்கும் டியூப் போட்டுவிட்டேன்.

டயர் மாட்டுவதைக் கடையில் கொடுத்திருக்கலாம். நான் கேட்ட ஒரு கடையில் இந்தச் சின்ன டிராக்டர் டயர்களைத் தொட மாட்டோம் என்றார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு வைத்த டயர் இளகியிருக்கும். வாய்விளிம்பில் தாராளமாகச் சோப்புத் தண்ணீர். டயர் லீவரால் ஒரு பக்கம் ஏற்றும்போது, எதிர்ப்பக்கத்து விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே முட்டி வைத்து அழுத்திக்கொண்டால் கடைசி ஒரு சாண் கூட இலகுவாக ஏறிவிடும். பள்ளத்தில் இறக்காமல் பலத்தைக் காட்டினால் டயரின் வாய்க்கம்பி போகும், அல்லது டியூப் கிள்ளப்படும். முதல் டயருக்கு ஒன்றே கால் மணி நேரம். இரண்டாவதற்கு இருபது நிமிடம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

டியூப் போட்டதால் விளிம்பு உட்காரச் சிரமமில்லை. டியூப் இல்லாத டயரில் காற்று இரண்டு பக்கமும் ஓடிவிடும். பட்டன் நடுவில் வார்ப்பட்டி சுற்றி இறுக்கினால் விளிம்புகள் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும், பிறகு காற்று நிற்கும். தீப்பற்றும் ஆவியைத் தெளித்துக் கொளுத்தி ‘டம்’ என்று உட்கார வைக்கும் வித்தையைச் செய்து காட்டுபவர்கள் உண்டு. விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்பவர்கள் செய்யட்டும். சுவரில் அச்சிட்ட காற்றழுத்த எல்லையைத் தாண்டாதீர்கள். காற்று ஏறும்போது டயருக்கு நேரே குனியாதீர்கள். நீளக் குழாயோடு தள்ளி நில்லுங்கள்.

இரண்டு சக்கரத்தையும் மாட்டி, வண்டியை இறக்கி, பின்னால் நான்கடி தள்ளி நின்று ரசித்தேன். மாமனாரும் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஒன்று கூரை, ஒன்று புனலா?”

பார்த்தேன். இடது டயரின் கட்டைகள் ஓட்டு வீட்டுக் கூரை போல உச்சி மேலே. வலது டயரில் உச்சி கீழே. இரண்டு டயரையும் ஒரே மாதிரி ரிம்மில் ஏற்றியிருந்தேன், வால்வு வெளியே வர வேண்டும் என்ற ஒரே நினைப்பில். வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு டயரும் கூரையாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் ‘வி’யின் நடுமுனை முதலில் மண்ணில் பதிந்து, சேற்றை இருபுறமும் வெளியே தள்ளும். திரும்பி மாட்டிய டயர் சேற்றை நடுவே கூட்டி அடைத்துக்கொள்ளும். இடது வலது என்று சக்கரங்களை மாற்றினாலும் தீராது. அப்போது இதுவரை புனலாக இருந்தது கூரையாகும், கூரை புனலாகும். ஒரு டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பித்தான் ஆக வேண்டும். டயர் சுவரில் அம்புக்குறி இருந்தது. நான் அதன் மேலேயே சோப்புத் தண்ணீர் தடவியிருக்கிறேன்.

மறுநாள் அதைத் திருப்பி மாட்டியபின் எடை வேலை. வார்ப்பிரும்பு எடைக்கல் வாங்கிச் சக்கரத்தில் முடுக்கலாம். ஆனால் டயருக்குள் திரவம் நிரப்புவது மலிவு, எடையும் கீழேயே நிற்கும். பழைய காலத்தில் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவார்கள். நல்ல எடை, ஆனால் ஒரு சொட்டு ஒழுகினாலும் ரிம்மைத் தின்றுவிடும். இப்போது சர்க்கரை பீட்ரூட் சாற்றின் கழிவுப் பாகை நிரப்பித் தருகிறார்கள். ஒரு காலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, ஏறக்குறைய 5 கிலோ, துருவும் பிடிக்காது, விலைதான் பிடிக்காது. வெறும் தண்ணீர் இங்கே குளிரில் உறைந்துவிடும். நான் கார்க் கண்ணாடி கழுவும் நீல நீரை ஊற்றினேன், மைனஸ் 29 டிகிரி வரை உறையாத வகை. அதில் மெத்தனால் இருக்கிறது, விஷம். குழந்தையோ நாயோ திரியும் இடத்தில் திறந்து வைக்காதீர்கள்.

வால்வை உச்சியில் நிறுத்தி, உள்ஊசியைக் கழற்றி, ஏணியின் மேல் ஒரு வாளியை வைத்து, மெல்லிய குழாயால் வால்வோடு இணைத்தேன். திரவம் தானாக இறங்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை எடுத்தால் உள்ளே அடைபட்ட காற்று ஏப்பம் விடும். பிறகு மறுபடி இணைக்க வேண்டும். திரவம் வால்வு மட்டத்துக்கு வந்தால் டயரில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது என்று பொருள். அதோடு நிறுத்திவிட வேண்டும். மிச்சம் காற்றுக்கான இடம். சக்கரத்துக்கு எட்டு காலன் பிடித்தது. ஒவ்வொன்றிலும் சுமார் 29 கிலோ. காற்றழுத்தம் 10 பவுண்டு. இதற்குப் பிறகு எப்போது காற்றழுத்தம் பார்த்தாலும் வால்வு உச்சியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவுமானி நீல நீர் குடிக்கும்.

ஓட்டத் தொடங்கிய முதல் மணி நேரத்துக்குப் பிறகு போல்ட்களை மறுபடி இறுக்கினேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் போயிற்று. புதுப் பெயின்ட் நசுங்குவதுதான் காரணம். அப்போதே ஹப்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இந்த வண்டியில் ஹப், ஆக்சிலின் மேல் சாவி எனப்படும் ஒரு சிறு இரும்புத் துண்டாலும் ஒரு திருகாணியாலும்தான் நிற்கிறது. டயரின் பிடிப்பு கூடினால் அந்தச் சாவிக்குத்தான் முதல் அடி. என் இடது ஹப்பில் நூலளவு ஆட்டம் இருந்தது. முன்பு டயர் சறுக்கியதால் தெரியாமல் இருந்த ஆட்டம். திருகாணியை இறுக்கி, மரைப்பசை விட்டு, பூட்டு நட்டையும் முடுக்கினேன். பிடிப்பைக் கூட்டுகிறவர்கள் இந்த ஆட்டத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

அடுத்த பெரிய மழை விட்டு மூன்றாம் நாள் அதே சரிவில், முழுப் பெட்டி உரத்தோடு ஏறினேன். இரண்டாம் கியரில், திரும்பிப் பார்க்காமல். உண்மையில் திரும்பிப் பார்த்தேன். வந்த வழியில் இரண்டு வரிசைக் கட்டைத் தடம், அச்சில் ஊற்றியது போல. வீட்டு முன்புறப் புல்தரையில் திருப்பியபோது அதே கட்டைகள் புல்லை அரைவட்டமாகப் பிய்த்துப் போட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு என் மனைவி சொன்னதை இங்கே எழுதவில்லை. புல் வெட்டுவதுதான் முக்கிய வேலை என்றால் இந்தப் பட்டன் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று வசந்தத்தில் உழும்போது தெரிந்தது. என் கலப்பை பத்து அங்குலம் வெட்டும். முதல் சால் போட்டபின் வலது சக்கரம் அந்தச் சாலுக்குள் இறங்கி ஓட வேண்டும், கலப்பை சமமாக நிற்பது அப்போதுதான். பத்தரை அங்குல டயர் பத்து அங்குலச் சாலுக்குள் எப்படி இறங்கும்? உழாத கரையில் தோளை உரசிக்கொண்டு ஏறியது. வண்டி தள்ளாடியது, சால் பாம்பாயிற்று. உழவுக்கு ஒல்லி டயர்தான் சரி. நான் சின்னது என்று ஒதுக்கிய அந்த 6-12 இதற்காகவே பிறந்தது போல.

பெரிய 26 அங்குல ஜோடியை, அகலமான மட்கார்டுள்ள வண்டி வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். ஏற்றிவிடும்போது அளந்தீர்களா என்று கேட்டேன். அந்தக் காசில் 6-12 உழவு டயர் ஒரு ஜோடி வாங்கி அதற்கேற்ற ஒடுக்கமான ரிம்களில் ஏற்றி, கராஜ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு வாரம், உழும்போது மட்டும் அவை இறங்கும். மாமனார் ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் பேரனை விசாரித்துவிட்டு, அடுத்ததாக அந்த ஜோடி கூரையா புனலா என்று கேட்கிறார்.